பதினாலாம் நம்பர் மலைச் சிலுவைகள்

யசிந்தாவை உட்காரச் சொல்வதா வேண்டாமா?

குசினி வாசலில் நின்ற பிலோமினம்மா இந்தக் கேள்வியைக் கண்ணாலேயே புருசனிடம் கேட்டாள். மிக்கேல்சாமி அதைக் கவனிக்காதவர்போலச் சுவரைப் பார்த்தார். சுவரில் அவருடைய சீடத்துவப் பயிற்சிச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் ஹட்டனில் பாதர் நடத்திய பயிற்சி அது. கிறிஸ்துவுக்காக எதைக் கொடுக்கத் தயார் என்று பாதர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டபோது, ஒருவர் குடியை விடுவேன் என்றார், ஒருத்தி டிவி நாடகத்தை விடுவேன் என்றாள். மிக்கேல்சாமி எழுந்து, "உசிரையும் குடுப்பேன் பாதர்" என்றார். அடேயப்பா, என்ன கைதட்டல்! ஊசிக்கல் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளை, மாதா கோயில் சபைத் தலைவர், இதைவிடக் குறைவாக எதைச் சொல்ல முடியும்?

இப்போது அவர் வீட்டு முன்வாசலில் யசிந்தா நிற்கிறாள். பின்வாசலில் அல்ல, முன்வாசலில். தோட்டத்து வரிசைவீடுகளான லயங்களில் கடைசி லயத்து இன்னாசியின் மகள். இன்னாசியின் அப்பன் வாசக்கூட்டி. லயத்து வாசலைக் கூட்டி, கக்கூசைக் கழுவி, கான் என்கிற வடிகாலைத் துப்புரவு பண்ணுகிறவனுக்கு மலைநாட்டில் அதுதான் பெயர். இன்னாசியும் அதே வேலையில் இருந்து ஓய்ந்தவன். யசிந்தா ஹட்டன் பாமசி ஒன்றில் வேலை பார்க்கிறாள், கையில் போன் இருக்கிறது, காலில் நல்ல செருப்பு இருக்கிறது. இருந்தென்ன, ஊசிக்கல்லில் அவள் வாசக்கூட்டி பேத்திதான்.

"உக்காரு புள்ள" என்றாள் பிலோமினம்மா கடைசியில், தானே முடிவெடுத்து.

தேத்தண்ணி வந்தது. கடதாசிக் கப்பில் வந்தது. மிக்கேல்சாமி வீட்டில் ஒரு காலத்தில் கடைசி லயத்து ஆட்களுக்கென்று கோடியில் ஒரு நசுங்கின டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பார்கள். காலம் மாறிவிட்டது, அப்படியெல்லாம் வைத்தால் நாலுபேர் கேட்பார்கள். நல்லவேளையாகக் கொரோனா வந்தது. ஹட்டனில் பைஸர் நானா கடையில் கடதாசிக் கப்பு கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. பிறகு கொரோனா போய்விட்டது, கப்பு போகவில்லை. யசிந்தாவுக்குக் கடதாசிக் கப்பு, மிக்கேல்சாமிக்குச் சில்வர் டம்ளர். சுகாதாரம்தானே, யார் என்ன சொல்ல முடியும்?

யசிந்தா கப்பைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், குடிக்கவில்லை.

"ஐயா, வர்ற பெரிய வெள்ளிக்கு அப்பா ஒரே ஒரு நெல சிலுவ தூக்கணும்னு ஆசப்படுறாருங்க. ஏத்தத்துல. எல்லாரும் பாக்க."

மிக்கேல்சாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதுக்கென்ன புள்ள. பாப்போம்."

"பாப்போம்னா சரிவராதுங்கய்யா. ஒரு நெல குடுத்தீங்கன்னா வழக்கம்போல நாங்களே எறக்குறோம். குடுக்கலன்னா இந்த வருசம் எறக்க மாட்டோம்."

அவள் போன பிறகும் கப்பிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. பிலோமினம்மா அதை எடுத்துக் கானில் ஊற்றிவிட்டு வந்து, "நாயமாத்தான கேக்குறா" என்றாள். மிக்கேல்சாமி அவளை ஒரு முறை முறைத்தார்.

விசயம் இதுதான். ஊசிக்கல்லில் பெரிய வெள்ளிக்குச் சிலுவைப்பாதை மாதா கோயிலில் தொடங்கி, பேக்டரியைச் சுற்றி, மேல் லயங்களைக் கடந்து, தேயிலைக்குள் ஏறி, பதினாலாம் நம்பர் மலை உச்சிப் பாறையில் முடியும். சிலுவை சும்மா சிலுவை இல்லை, டர்பன்டைன் மரத்தில் இழைத்தது. பதினாலு நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குடும்பம், பாட்டன் காலத்திலிருந்து. கீழே விழுகிற நிலைகளுக்கு மவுசு குறைவு. ஆண்டவர் உயிர்விடுகிற பன்னிரண்டாம் நிலைதான் உச்சம், அது மிக்கேல்சாமி வீட்டுச் சொத்து. அந்த இடத்தில் அவர் சிலுவையைத் தோளில் வாங்கும்போது பத்துப்பேர் சுற்றிநின்று தாங்குவார்கள், இருபதுபேர் போனில் படம் எடுப்பார்கள். மாலைக்குள் அது பேஸ்புக்கில் ஏறி, கனடாவிலிருக்கும் மச்சான்மார் கும்பிட்ட கையைப் போடுவார்கள்.

சரி, ஏற்றிய சிலுவை? மறுநாள் இரவு உயிர்ப்புத் திருவிழிப்புக்கு அது கோயில் பீடத்தருகே வெள்ளைத்துணி போர்த்தி நிற்க வேண்டுமே? அங்கேதான் கடைசி லயம் வருகிறது. பதினாலாம் நிலை ஜெபம் முடிந்ததும், மழை வருமுன் சபை முழுக்கக் கஞ்சிக்கு ஓடும். கோயில் பின்புறம் அண்டாவில் பெரிய வெள்ளிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும். இன்னாசியும் அவன் பங்காளிகளும் மட்டும் உச்சியில் நின்று, கூட்டம் கலைந்த பிறகு சிலுவையைத் தூக்கி, பின்பக்கக் குறுக்குப் பாதையில், அட்டைக்கும் சேற்றுக்கும் நடுவே, ஒரு பாட்டும் இல்லாமல், ஒரு படமும் இல்லாமல் இறக்கிக் கொண்டுவருவார்கள். முன் பாதையில் கொண்டுவரக் கூடாது, சனம் பார்த்தால் பக்தி குறைந்துவிடுமாம். இவர்கள் வந்துசேரும்போது அண்டாவின் அடியில் ஆறிப்போன பருக்கை கொஞ்சம் கிடக்கும். இதற்கு யாரும் சட்டம் எழுதவில்லை. கூட்டுகிறவன் கூட்டுகிற மாதிரி, இறக்குகிறவன் இறக்கினான்.

போன வருசம் இறக்கத்தில் பெருமழை. முன்னால் நின்ற இன்னாசி கானுக்குள் சறுக்கிவிழ, சிலுவை அவன்மேல் விழுந்தது. காறை எலும்பு முறிந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் வீடு திரும்பிய அன்று மிக்கேல்சாமி கடைசி லயத்துக்கே போனார். சும்மா சொல்லக் கூடாது, அதுவரை எந்தத் தலைவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் ஏறாமல் பாதையில் நின்றபடியே, "இன்னாசி, சிலுவைக்கு ஒண்ணும் பெருசா ஆகலயே?" என்று விசாரித்தார். ஒரு மூலை சிராய் பெயர்ந்திருந்தது. அதை ஆசாரியைக் கொண்டு ஒட்டவைத்தார்கள்.

யசிந்தா அன்றைக்குக் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சபைக் கூட்டம். ஹட்டனிலிருந்து பேரின்பநாயகம் பாதர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெத்தப் படித்தவர், சமத்துவம் பற்றி அவர் பிரசங்கம் வைத்தால் கல்லும் கரையும். யசிந்தாவின் கோரிக்கையை மிக்கேல்சாமி எடுத்துச் சொன்னதும் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"குடுக்கலாம், தப்பில்ல" என்று தொடங்கினார் ஆறாம் நிலைக்காரர் சந்தியாகு. "ஆனா யாரு நெலைய குடுக்குறது? என் நெல எங்க தாத்தா நேத்திக்கடன். அதக் குடுத்தா அவரு ஆத்துமா என்னைய சும்மா விடுமா?"

தாத்தாக்களின் ஆத்துமாக்கள் ஒவ்வொன்றாக வந்து கூட்டத்தில் உட்கார்ந்தன. ஒரு ஆத்துமாவுக்கும் மனமில்லை. மூன்றுதரம் விழுகிற நிலைகளில் ஒன்றையாவது கொடுக்கலாமே என்று ஒருவர் சொல்ல, அந்த நிலைக்காரர்கள், "அப்ப நாங்க மட்டும் எளக்காரமா?" என்று எழுந்துவிட்டார்கள். மிக்கேல்சாமி கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினார். உயிரைக் கேட்டால் கொடுத்துவிடலாம், அதை யாரும் கேட்கப் போவதில்லை. பன்னிரண்டாம் நிலையை அல்லவா கேட்டுவிடுவார்கள் போலிருந்தது!

பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இஞ்ச பாருங்கோ, அந்தப் பிள்ளை கேக்கிறது பிழையெண்டு நான் சொல்லேல்ல. நானே இதைப்பற்றி எத்தினை பிரசங்கம் வைச்சிருக்கிறன். ஆனா பெரிய கிழமையில சனத்தைக் குழப்பக் கூடாது. அடுத்த வருசம் ஆறுதலாப் பாப்பம்."

அப்போதுதான் சந்தியாகுவுக்கு அந்த யோசனை உதித்தது. "பாதர், பதினாலோட ஏன் நிப்பாட்டணும்? உச்சியில இருந்து கோயிலுக்கு எறக்குறதப் பதினஞ்சாம் நெலன்னு பேரு வச்சு, அத அவங்களுக்கே குடுத்துருவோம். உயிர்ப்பு நெல! அதவிட ஒசத்தி எது?"

என்ன நிம்மதி! பாதருக்கு அதில் இறையியலும் கிடைத்துவிட்டது. தாத்தாக்களின் ஆத்துமாக்கள் சாந்தியடைந்தன. செய்கிற வேலை அதேதான், பாதையும் அதே பின்பாதைதான், பெயர் மட்டும் புதுசு.

மிக்கேல்சாமி அன்றைக்கே கடைசி லயத்துக்குப் போய்ப் பெருமையோடு அறிவித்தார். இந்தத் தடவை இஸ்தோப்பின் ஓரம்வரை ஏறினார். இன்னாசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான், ஒரு தோள் இன்னும் சற்றுத் தாழ்ந்தே இருந்தது.

"பதினஞ்சாம் நெலைங்களா?" என்று மெல்லக் கேட்டான். அவனுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் தலையைக் குனிந்துகொண்டான்.

யசிந்தா உள்ளிருந்து வந்தாள். "அம்புட்டு ஒசத்தின்னா அந்தப் பதினஞ்சாவத நீங்களே வச்சுக்கங்கய்யா. எங்கப்பாவுக்கு ஒங்க பன்னெண்டாவது போதும்."

"வாய் கூடிப்போச்சு புள்ள ஒனக்கு!"

"தோள் ஒடஞ்சது அப்பாவுக்கு. வாயி எனக்கு நல்லாத்தாங்க இருக்கு."

மிக்கேல்சாமிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் பெரிய வெள்ளி நெருங்கிவிட்டதே, கோபிக்கக் கூடாதென்று ஜெபித்துக்கொண்டே வீடுவந்து சேர்ந்தார். சும்மா மிரட்டுகிறாள், பயலுகள் கடைசியில் இறக்கத்தான் செய்வார்கள், பரம்பரைப் பழக்கம் எங்கே போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பெரிய வெள்ளி எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. ஊதா நிறச் சட்டைகள், ஒலிபெருக்கி, ஒப்பாரிப் பாட்டு, போன்கள். பன்னிரண்டாம் நிலையில் மிக்கேல்சாமி கண்ணை மூடிக்கொண்டு சிலுவையைத் தோளில் வாங்கியபோது அழாத பெண் இல்லை. உச்சிப் பாறையில் சிலுவையைச் சாத்தி, கடைசி ஜெபம் முடிந்ததும் மேகம் கறுத்தது. சனம் கஞ்சிக்கு ஓடத் தொடங்கியது.

மிக்கேல்சாமி பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். இன்னாசியும் பங்காளிகளும் யசிந்தாவும் எல்லோரோடும் சேர்ந்து முன்பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். வெறும் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். கோயிலுக்கு வந்ததும் கஞ்சிக்கு நிற்காமல் நேரே லயத்துக்குப் போய்விட்டார்கள்.

மேலே, மழையில், சிலுவை தனியாக நின்றது.

அன்று மாலை சபைக்காரர்கள் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பையன்களை அனுப்பலாமென்றால் தாய்மார் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். "எம்மவன் என்ன வாசக்கூட்டியா? நாளைக்கு அவனுக்குப் பொண்ணு குடுப்பாங்களா?" லொறி வைக்கலாமென்றால் உச்சிக்கு ரோட்டு இல்லை. தோட்டத்துக் காவல்காரன் சிவசாமியிடம், இரண்டு பேரைப் பிடித்துத் தரமுடியுமா என்று சந்தியாகு ரகசியமாகக் கேட்டுப் பார்த்தார். சிவசாமி மாரியம்மன் கோயில் ஆள். "ஒங்க சாமிய ஏத்துறப்ப நீங்க, எறக்குறப்ப நாங்களா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். இத்தனை பேச்சிலும் ஒருவருக்கும், இன்னாசிக்கு ஒரு நிலையைக் கொடுத்துவிட்டால் விசயம் முடிந்தது என்று தோன்றவே இல்லை. தோன்றியவர்களும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மிக்கேல்சாமி எழுந்து மழைக்கோட்டைப் போட்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மலைக்கு. ஜெபிக்கப் போறேன்."

"ஜெபிக்கப் போறவரு தோளுக்கு எதுக்குத் துண்ட மடிக்கிறீங்க?" பிலோமினம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "போங்க. போயித் தூக்கிட்டு வாங்க. எனக்குச் சந்தோசந்தான். நான் ஒருத்திகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் துண்டை மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்கினார். மலையெங்கும் பனிமூட்டம். தேயிலைச் செடிகள் நனைந்து கறுத்துக் கிடந்தன. யார் கண்ணிலும் படாமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சிலுவை மழையில் ஊறிக் கனத்துப்போய் நின்றது. துண்டைத் தோளில் வைத்து அதைச் சாய்த்து வாங்கினார். ஆண்டவரே! இத்தனை வருசம் இதைத் தூக்கியிருக்கிறார் என்றா நினைத்திருந்தார்? பத்துப்பேர் தூக்கியதைத் தொட்டுக்கொண்டல்லவா நடந்திருக்கிறார்!

பின்பக்கப் பாதையில் இறங்கினார். ஏற்றத்தில் பின்னால் இழுக்கும் சிலுவை இறக்கத்தில் முன்னால் தள்ளியது. பிடரியில் இடித்தது. கால் வழுக்க வழுக்கப் பாதங்களில் அட்டை ஏறியது. இரண்டு நிரை தேயிலை தாண்டுவதற்குள் தோள்தோல் வழன்றுவிட்டது. ஒரு கானைக் கடக்கும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். சிலுவை பக்கத்தில் சரிந்தது. அதன் மூலையில் ஆசாரி ஒட்டவைத்த வடு கண்ணெதிரே தெரிந்தது.

இந்தக் கானில்தான் இன்னாசி விழுந்தான்.

மிக்கேல்சாமி அழுதார். அவருடைய வாழ்க்கையில் பார்க்க ஆளில்லாமல் அழுத அழுகை அது ஒன்றுதான். "சிலுவைக்கு ஒண்ணும் ஆகலயே" என்று பாதையில் நின்று கேட்ட தன் குரல் அவருக்கே கேட்டது. வெட்கத்தில் உடம்பு கூசியது. எழுந்து, இதைத் தூக்கிக்கொண்டு, பின்பாதையை விட்டு முன்பாதைக்கே ஏறி, லயம் லயமாக எல்லோரும் பார்க்க நடந்து, கடைசி லயத்து வாசலில் நின்று இன்னாசியைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார். எழுந்தும் விட்டார், சிலுவையின் ஒரு கையைப் பிடித்தும் விட்டார்.

"யாரு அங்க, கானுக்குள்ள?"

சிவசாமியின் குரல். அவனுக்குப் பின்னால் சனிக்கிழமை கொழுந்து பறிக்க வருகிற பெண்களின் பேச்சுச் சத்தம்.

மிக்கேல்சாமியின் கை சிலுவையை விட்டுவிட்டது. முழங்கால் தானாக மடிந்தது. கைகள் குவிந்தன, கண்கள் மூடிக்கொண்டன. பயிற்சி பெற்ற சீடர் அல்லவா!

சிவசாமி வந்து நின்றான். நனைந்து, சேறுபூசி, கண்ணீர் வழிய மண்டியிட்டிருந்த ஐயாவைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தான். நிமிர்ந்து, நேற்று அது நின்ற உச்சிப் பாறையைப் பார்த்தான்.

"ஐயா... மேல நின்னது எப்புடிங்க இங்க வந்துச்சு?"

ஒரு வார்த்தை போதும். 'நான்தான் இறக்கினேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. பின்னால் கூடையோடு ஆறேழு பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியல சிவசாமி" என்றார் மிக்கேல்சாமி. "நான் ஜெபிக்க வந்தேன். வந்து பாத்தா இங்கதான் கெடக்கு."

சிவசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஒரு பெண் கூடையை இறக்கிவைத்துக் கும்பிட்டாள். சாமி காரியத்தைக் கானுக்குள் போடக் கூடாதென்று சிவசாமியே ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் மிக்கேல்சாமி பிடிக்க, சிலுவையைத் திரும்பவும் உச்சிக்கே ஏற்றி வைத்தார்கள்.

காலைத் தேத்தண்ணிக்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "மிக்கேல்சாமியய்யா அழுது ஜெபிச்சாரு, சிலுவ தானா எறங்கி வந்து அவரு முன்னால நின்னுச்சு." மத்தியானத்துக்குள் அது றொசல்ல வரை போய், சாயந்தரம் சிலுவையைச் சுற்றி ஒளியும் சேர்ந்து திரும்பி வந்தது. சபைக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். சந்தியாகுவுக்கு உடனே விளங்கிவிட்டது: "சிலுவைக்கு மலைய விட்டு எறங்க விருப்பம் இல்ல. அதான் கானோட நின்னுருச்சு. நாம எறக்கக் கூடாது!"

எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது எல்லோருக்கும்! கினிகத்தேனை மரக்கடைக்கு ஆள் பறந்தது. இரவுத் திருவிழிப்புக்கு அவசரமாக ஒரு பலகைச் சிலுவை வந்து, வெள்ளைத்துணி போர்த்துக்கொண்டு பீடத்தருகே நின்றது. பாதர் பிரசங்கத்தில், ஆராயாமல் எதையும் நம்பக் கூடாது என்று தொடங்கினார், ஆனாலும் எளிய மனிதருடைய விசுவாசத்தை மதிக்க வேண்டும் என்று முடித்தார். எளிய மனிதர் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்கள் அதைத் தாழ்மை என்றார்கள்.

வீட்டில் பிலோமினம்மா அவர் சட்டையைக் கழற்றித் தோளுக்குத் தைலம் தேய்த்தாள். தோல் வழன்று சிவந்திருந்தது.

"தானா எறங்கி வந்த சிலுவ ஒங்க தோளுல ஒரசிட்டு வந்துச்சாக்கும்" என்றாள். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் சான்றிதழ் இருந்தது, அதனால் கண்ணை மூடிக்கொண்டார். அவள் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்னவள், சொல்லவும் இல்லை.

அடுத்த வருசம் பெரிய வெள்ளிக்கு உச்சிக்கு ஏற்றச் சிலுவை வேண்டுமே? மேலே இருப்பதை இறக்கக் கூடாது. கோயிலில் இருப்பது உயிர்ப்புச் சிலுவை, அதை ஏற்றக் கூடாது. ஆகவே புதுசாக ஒரு மரம் வெட்டினார்கள். பதினாலு குடும்பமும் முறைபோட்டு ஏற்றின. உச்சியில் இரண்டாவதாக அது நின்றது. அதற்கடுத்த வருசம் மூன்றாவது. இந்த வருசம் நாலாவது. வருசத்துக்கு ஒரு மரம் போனால் போகட்டும், நிலை போகக் கூடாது.

இன்னாசி எலும்பு முறிந்து விழுந்த கானின் மேல் பாலம்போல் சீமெந்து போட்டு, தகரக் கூரை வைத்து, மெழுகுவர்த்தித் தட்டு வைத்துவிட்டார்கள். பெயர்ப்பலகையில் மிக்கேல்சாமியின் பெயர் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வேன் பிடித்து ஆட்கள் வருகிறார்கள். மிக்கேல்சாமி ஒலிபெருக்கியில் நடந்ததைச் சொல்லுவார். முதல் வருசம் சொல்லும்போது நாக்கு தடுமாறியது. சொல்லிச் சொல்லி இப்போது அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இந்த வருசமும் சொன்னார். நாலு சிலுவைகள் மேகத்துக்குள் வரிசையாய் நிற்க, வெளியூர்க் கூட்டம் கானோரம் மண்டியிட்டிருக்க, நீர்கொழும்பிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரி எழுந்து கேட்டார்: "இவ்வளவு சிலுவைகள்! ஏன் ஒன்றையும் கீழே கொண்டுபோகவில்லை?"

மிக்கேல்சாமி தொண்டையைச் செருமினார். "எங்க தோட்டத்துல சிலுவய ஒருதடவ தூக்கிட்டா எறக்கி வைக்கிற பழக்கம் இல்லங்க சிஸ்டர்."

கன்னியாஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் ஆமென் போட்டது.

கூட்டத்தின் கடைசியில் இன்னாசியும் யசிந்தாவும் நின்றார்கள். இந்த நாலு வருசமும் அவர்கள் எல்லோரோடும் ஏறி, எல்லோரோடும் இறங்கினார்கள். நிலை கேட்கவும் இல்லை, கொடுப்பார் யாரும் இல்லை. இன்னாசிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஒரு வெளியூர்க் கிழவி, கான் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இந்தத் தோட்டந்தானா? ஒங்களுக்கு இந்த எடத்துல ஏதாச்சும் கெடைச்சுதா ஐயா?"

இன்னாசி தன் காறை எலும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"ஆமாங்கம்மா" என்றான். "மொத மொதல்ல எனக்குத்தான் கெடைச்சுது."

யசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மகள் சிரித்ததும் இன்னாசியும் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த தோள் குலுங்கக் குலுங்க, ஆண்டவர் மரித்த நாளில், அத்தனை சபையும் திரும்பிப் பார்க்கச் சிரித்தான். ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த மிக்கேல்சாமியின் கண் அவன் கண்ணைச் சந்தித்தது. சொல்லிக்கொண்டிருந்த கதை அந்த இடத்தில் அறுந்து, ஒலிபெருக்கி சும்மா இரைந்தது.

"வாங்கப்பா, போவோம்" என்றாள் யசிந்தா.

இரண்டு பேரும் முன்பாதையில் இறங்கினார்கள். மேலே சபை இன்னும் எழும்பவில்லை, கோயில் பின்புறம் கஞ்சி வரிசையில் ஒருவரும் இல்லை. அண்டாவுக்குப் பின்னால் அகப்பையோடு பிலோமினம்மா மட்டும் நின்றாள். பக்கத்தில் கடதாசிக் கப்புகள் கட்டாக அடுக்கியிருந்தன. மலையிலிருந்து ஒலிபெருக்கி மறுபடி பேச ஆரம்பித்தது, அடுத்த வருசச் சிலுவைக்கு மரம் கொடுக்க விரும்புகிறவர்கள் சபைத் தலைவரைச் சந்திக்கலாம் என்றது. அவள் மேலே பார்த்தாள். பிறகு தனக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சில்வர் டம்ளரை எடுத்து, விளிம்புவரை கஞ்சியை ஊற்றி, இரண்டு கையாலும் இன்னாசியிடம் நீட்டினாள்.

"சூடா இருக்கு" என்றாள். "பாத்துக் குடிங்க."